அடி இறக்கம்

சங்கரன்கோவில் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்பக்கத்துச் சந்தில் மருதப்பன் டிபன் கடை வைத்திருந்தான். திருவேங்கடத்திலிருந்தும் பனவடலிசத்திரத்திலிருந்தும் முதல் பஸ்ஸில் வருகிறவர்கள் இறங்கியதும் நேராக அங்கேதான் வருவார்கள். மருதப்பன் கடை இட்லி பூப்போல இருக்கும் என்று பேர். அந்தப் பேர் கடைக்காரனுக்குப் போய்ச் சேர்ந்தது. மாவாட்டியவள் அவன் மனைவி முப்பிடாதி.

கடைக்குப் பின்னாலேயே வீடு. முற்றத்தில் பெரிய ஆட்டுரல். சாயங்காலம் குழவியைப் பிடித்தாள் என்றால் விளக்கு வைக்கிற நேரம் வரை அதன் முன்னால்தான் குந்தியிருப்பாள். விடியுமுன் எழுந்து தெருக்கோடிக் கிணற்றில் தண்ணீர் கோர வேண்டும். கடைக்கும் வீட்டுக்குமாக இடுப்பில் ஒரு குடம், தலையில் ஒரு குடம் என்று நடை. தண்ணீர்ப் பஞ்சம் வந்தால் நடை இரண்டு மடங்காகும். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அப்படித்தான். அவளும் அதைப் பெரிதாக நினைத்ததில்லை. வாட்டசாட்டமான பெண், வாய்விட்டுச் சிரிக்கிறவள்.

இரண்டு பெண்களுக்குப் பிறகு மூன்றாவதாக ஆண் பிள்ளை பிறந்தது. பெரிய பிள்ளை. இடுப்புவலி ஒரு பகலும் ஒரு இரவும் நீண்டது. மருத்துவச்சி வயிற்றை அமுக்கி, "முக்கு தாயி, முக்கு" என்று சொல்லிச் சொல்லி அவள் தொண்டையே கட்டிப்போனது. பிள்ளை வந்தபோது முப்பிடாதிக்கு நினைவு தப்பியிருந்தது.

தீட்டுக் கழிந்ததும் மாமியார் கோமதியம்மாள் முற்றத்துக்கு வந்து ஆட்டுரலைக் கழுவி வைத்தாள். வாயால் எதுவும் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய தேவையும் இல்லை. அவளுக்கு ஒரு பெருமை உண்டு. "மருதப்பனைப் பெத்து எட்டாம் நாளு நான் களை வெட்டப் போனவ" என்று போகிறவர் வருகிறவரிடமெல்லாம் சொல்லுவாள். முப்பிடாதி பிள்ளையைத் தொட்டிலில் போட்டுவிட்டு உரல் முன்னால் உட்கார்ந்தாள்.

அது நடந்தது ஒரு காலையில், கிணற்றடியில். குடத்தைத் தூக்கி இடுப்பில் வைக்கப் போனாள். அடிவயிற்றுக்குள் ஏதோ பிடி விட்டது. தொடைகளுக்கு நடுவே ஈரமாக, உருண்டையாக எதுவோ வந்து இடித்தது. குடத்தைக் கீழே வைத்துவிட்டுக் கிணற்றுச் சுவரைப் பிடித்துக்கொண்டாள். குடல் சரிந்துவிட்டது, இன்னும் கொஞ்ச நேரத்தில் செத்துப்போவோம் என்று நினைத்தாள்.

"என்ன மைனி, மலைச்சுப்போயி நிக்கீக? கோரலைன்னா தள்ளுங்க" என்றாள் பின்னால் நின்றவள்.

முப்பிடாதி குடத்தைத் தூக்கிக்கொண்டு, கால்களைச் சேர்த்துச் சேர்த்து வைத்து, வீட்டுக்கு வந்தாள். கதவைச் சாத்திக்கொண்டு படுத்தாள். படுத்த கொஞ்ச நேரத்தில் அது தானாகவே உள்ளே போய்விட்டது. எழுந்து அடுப்படி வேலையை முடித்து மறுபடி குடத்தைத் தூக்கியபோது, மறுபடி இறங்கியது.

அன்றிலிருந்து அதோடுதான் வாழ்க்கை. பழைய சீலையைக் கிழித்து மடித்து, கோவணம்போல இறுக்கிக் கட்டிக்கொண்டாள். இருமினால், தும்மினால், எதையாவது தூக்கினால் மூத்திரம் கசிந்தது. சிரித்தாலும் கசிந்தது. அதனால் சிரிப்பை விட்டாள். தண்ணீர் குடிப்பதைக் குறைத்தாள். கோடையில் நாக்கு வறண்டு உதடு வெடித்துக் கிடக்கும். ஒரு மடக்குக் குடித்து வாயை நனைத்துக்கொண்டு வேலை பார்ப்பாள். துணிகளைத் துவைத்து, கொடியில் பாவாடைக்கு அடியில் மறைத்துக் காயப்போடுவாள். சாப்பாட்டுக் கடை வீடு. தன்மேல் வாடை வருகிறதோ, யாருக்கும் தெரிந்துவிட்டதோ என்கிற பயம் அவளை விட்டு நீங்கவே இல்லை. மாவைத் தொடுமுன் ஒவ்வொரு தடவையும் கை கால் கழுவினாள்.

யாரிடம் சொல்வது? என்னவென்று சொல்வது? வயிற்றுவலி என்றால் சொல்லலாம். காய்ச்சல் என்றால் சொல்லலாம். இதற்கு அவளிடம் வார்த்தையே இல்லை. அம்மா உயிரோடு இருந்தால் சொல்லியிருப்பாளோ என்னவோ. அம்மா போய்ச் சேர்ந்து வருஷங்கள் ஆகியிருந்தன.

மருதப்பன் கெட்டவன் இல்லை. அதிர்ந்து பேசமாட்டான். மனைவிமேல் பிரியம் உள்ளவன். அந்தப் பிரியம்தான் இப்போது அவளுக்குப் பயமாகிப்போனது. அவன் பக்கத்தில் வந்தால் வலித்தது. வலியைப் பொறுத்துக்கொள்ளலாம், அவன் கை பட்டு அது அவனுக்குத் தெரிந்துவிட்டால்? அருவருத்துப்போவானே என்று நினைக்கும்போதே உடம்பு கூசியது. முதலில் பிள்ளைக்குப் பால் கொடுக்க வேண்டும் என்றாள். பிறகு குறுக்கு வலிக்கிறது என்றாள். பிறகு காரணம் சொல்வதையே விட்டுவிட்டு, பிள்ளைகளோடு அடுப்படிப் பக்கம் பாயை விரித்துக்கொண்டாள்.

ஒருநாள் மதியம் கடையில் ஆள் இல்லாத நேரம். சாப்பாடு எடுத்துக்கொண்டு வந்தவளை மருதப்பன் நிறுத்தினான்.

"ஏட்டி, நான் ஒனக்கு என்ன செஞ்சேன்? என்னைய ஏன் இப்படி ஒதுக்குத?"

"ஒதுக்கல. குறுக்கு வலி."

"நாலு வருசமாவா குறுக்கு வலிக்கி? பொறவு ஆஸ்பத்திரிக்காவது வா."

"ஆஸ்பத்திரிக்கெல்லாம் எதுக்கு? சரியாப் போயிரும்."

"என்னையப் பிடிக்கலைன்னா பிடிக்கலைன்னு சொல்லிரு, முப்பிடாதி."

அவள் வாயைத் திறந்தாள். அந்த நேரம் சொல்லியிருக்கலாம். ஒரு ஆள், "அண்ணாச்சி, ஒரு டீ" என்று உள்ளே வந்தான். அவள் பாத்திரத்தை வைத்துவிட்டு வீட்டுக்குள் போய்விட்டாள்.

எழுபத்தெட்டாம் வருஷம் அது. மகன் தனியாகக் கிடப்பது கோமதியம்மாளுக்குத் தெரியாமல் இல்லை. இன்னொருத்தியைக் கட்டிவைக்கலாம் என்ற பேச்சை அவள்தான் எடுத்தாள். கடைக்கும் ஒரு கை கூடுதலாகத் தேவைப்பட்டது. சொல்லி வைத்ததுபோல ராயகிரியிலிருந்து முப்பிடாதியின் அய்யா நல்லகண்ணு வந்தார். அவருக்கு இளைய மகள் உலகம்மாள் கவலை. நிச்சயம் செய்த மாப்பிள்ளை கல்யாணத்துக்கு முந்தி மின்சாரம் தாக்கிச் செத்துப்போனான். அதன் பிறகு அந்தப் பெண்ணைக் கேட்டு ஒருவரும் வரவில்லை. இருபத்திமூன்று வயதில் வீட்டோடு இருந்தாள்.

"வெளியில இருந்து ஒருத்தி வந்தா ஒன் பிள்ளைகளை அண்ட விடுவாளா? அவ ஒன் கூடப்பொறந்தவ. ஒனக்குச் சம்மதம்னாத்தான், தாயி" என்றார் நல்லகண்ணு.

முப்பிடாதி, "சரிய்யா" என்றாள்.

அந்த ஒரு வார்த்தையோடு அவள் நெஞ்சிலிருந்து பெரிய பாரம் இறங்கியது. இனி யாரும் தன்னை எதுவும் கேட்கமாட்டார்கள். உலகம்மாளை யாரும் கேட்கவில்லை. அக்கா வீடுதானே, நல்ல இடம்தானே என்று முடிவாகிவிட்டது. பத்திரிகை அடிக்கவில்லை, பந்தல் போடவில்லை. ஊருக்கு வெளியே ஒரு சின்னக் கோயிலில் வைத்துத் தாலி கட்டிக் கூட்டிவந்தார்கள். அக்காதான் ஆரத்தி எடுத்தாள். குனிந்து தட்டைக் கீழே வைக்கும்போது கசிந்தது. யாரும் பார்க்கவில்லை.

அக்காவும் தங்கையும் சண்டை போட்டுக்கொள்வார்கள் என்று தெரு எதிர்பார்த்தது. அப்படி நடக்கவில்லை. உலகம்மாள் கலகலப்பானவள். அக்காவின் பிள்ளைகளுக்கு அவள் சித்தி. தலை பின்னிவிடுவாள், பாண்டி ஆடுவாள். மருதப்பனிடம் முதலில் கூச்சப்பட்டாள், பிறகு பிரியப்பட்டாள். அவன் கடையில் என்ன சொன்னான், யாரைக் கேலி செய்தான் என்று அக்காவிடமே வந்து சொல்லிச் சிரிப்பாள். முப்பிடாதி கேட்டுக்கொண்டு மாவாட்டுவாள். அவளுக்கு அது சந்தோஷமா, வேதனையா என்று அவளுக்கே பிடிபடவில்லை.

மறு வருஷம் உலகம்மாள் பிள்ளை உண்டானாள். அன்றைக்கு ஆரம்பித்தது முப்பிடாதியின் கலக்கம். தங்கை குடத்தைத் தொட்டால் இவள் பிடுங்கிக்கொண்டாள். உரல் பக்கமே விடவில்லை.

"சும்மா இருக்கவும் முடியலையே எக்கா. ஒரு குடந்தான" என்பாள் உலகம்மாள்.

"ஒண்ணும் வேண்டாம். நீ போயி உக்காரு."

பெண் குழந்தை பிறந்தது. இந்தத் தடவை முப்பிடாதி பிடிவாதமாக நின்று அரசாங்க ஆஸ்பத்திரியில் பிரசவம் பார்க்க வைத்தாள். வீட்டுக்கு வந்த பிறகு கோமதியம்மாள் மெல்ல ஆரம்பித்தாள். கடையில் வியாபாரம் கூடியிருந்தது. கோயிலில் ஆடித்தபசுத் திருவிழா வேறு நெருங்கிக்கொண்டிருந்தது. தபசுக் கூட்டம் வந்தால் மாவு எத்தனை ஆட்டினாலும் காணாது.

"ஒருத்தி ரெண்டாளு வேலை பாக்கா. ஒருத்தி பிள்ளைய மடியில வெச்சுக்கிட்டுக் காலை நீட்டிக்கிட்டு இருக்கா. நல்லாருக்குட்டி ஞாயம்" என்றாள்.

"நான் பாத்துக்கிடுதேன் அத்தை. அவளை ஒண்ணும் சொல்லாதீக" என்றாள் முப்பிடாதி.

இரண்டாள் வேலையைத்தான் பார்த்தாள். அவள் உடம்பு அதற்கு விலை கொடுத்தது. இப்போது படுத்தாலும் அது உள்ளே போகவில்லை. துணி உராய்ந்து உராய்ந்து புண்ணாகியிருந்தது. உட்கார எரிந்தது, நடக்க எரிந்தது. மூத்திரம் போக வேண்டுமென்றால் கையால் மேலே தள்ளிப் பிடித்துக்கொள்ள வேண்டியிருந்தது.

ஒரு காலையில் கிணற்றடியிலிருந்து வரும்போது பக்கத்து வீட்டுக் கதீஜம்மாள் வாசலில் நின்று கூப்பிட்டாள். தையல்காரர் பாதுஷாவின் மனைவி. கடையநல்லூரிலிருந்து வாழ வந்தவள். முப்பிடாதியைவிடப் பத்து வயது மூத்தவள்.

"குடத்தை இங்கன எறக்கி வெச்சிட்டு உள்ள வா, முப்பிடாதி."

"நேரமாச்சுக்கா."

"வான்னு சொல்லுதேன்லா. பின்னாடி சீலையெல்லாம் ரெத்தம்."

முப்பிடாதி உள்ளே போனாள். கதீஜம்மாள் கதவை ஒருக்களித்து வைத்துவிட்டுத் தன் சீலை ஒன்றை எடுத்துக் கொடுத்தாள்.

"இது மாசத் தீட்டு இல்ல. நீ நடக்கிற நடைய நான் ரொம்ப நாளாப் பாத்துக்கிட்டு வாரேன். அடி இறங்கிட்டா ஒனக்கு?"

அப்படி ஒரு வார்த்தை இருப்பது முப்பிடாதிக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. தலையை ஆட்டினாள். கண்ணில் தண்ணீர் வந்தது. ஆறு வருஷமாக வராத அழுகை. கதீஜம்மாள் அவள் அழுது முடிக்கிறவரை பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள்.

"எனக்கும் இருந்துச்சு. அஞ்சு பெத்தவ நான். கை கால் கழுவி ஒளு எடுத்துட்டுத் தொழுகைக்கு நின்னா, குனியும்போது கசிஞ்சிரும். மறுபடி ஒளு எடுக்கணும். மறுபடி கசியும். அல்லா முன்னால நிக்கக்கூட லாயக்கு இல்லாமப் போயிட்டனேன்னு எத்தனை நாளு அழுதிருக்கேன் தெரியுமா? கடைசியில எங்க வீட்டுக்காரர்ட்ட சொன்னேன். அவரு பாளையங்கோட்டைக்குக் கூட்டிட்டுப் போனாரு. ஆபரேசன் பண்ணுனாங்க. இப்ப சொகமா இருக்கேன்."

"செத்துருவனோன்னு நெனச்சேன்க்கா."

"இதுல யாரும் சாவ மாட்டாங்க, புள்ள. அதான் யாரும் பாக்க மாட்டேங்காங்க."

இரண்டு நாள் கழித்து, கோயிலுக்குப் போவதாகச் சொல்லிவிட்டு, கதீஜம்மாளோடு அரசாங்க ஆஸ்பத்திரிக்குப் போனாள். அன்றைக்கு லேடி டாக்டர் வந்திருந்தார். பார்த்து முடித்துக் கை கழுவிக்கொண்டே சொன்னார்: "கர்ப்பப்பை முழுசா இறங்கியிருக்கும்மா. மூத்திரப்பையும் சேர்ந்து இறங்கியிருக்கு. இதையெல்லாம் அடியில தாங்கிப் பிடிக்கிற சதை தளர்ந்துபோச்சு. பெரிய ஆஸ்பத்திரியில சேர்ந்து மொதல்ல புண்ணை ஆத்தணும். அப்புறம்தான் ஆபரேஷன். அதுக்கப்புறம் மூணு மாசம் ஒரு சொம்புத் தண்ணிக்கு மேல தூக்கக் கூடாது."

முப்பிடாதி கதீஜம்மாளோடு திரும்பி நடந்தாள். வீட்டு முனை வந்ததும் நின்றாள்.

"நான் போயிப் படுத்துட்டா உரல்ல யாரு உக்காருவா? அவளைத்தான் உக்கார வைப்பாக. பெத்து இன்னும் ரெண்டு மாசங்கூட ஆவல. எனக்கு வந்தது அவளுக்கும் வந்துட்டா?"

"அப்ப வீட்டுல சொல்லு."

"என்னத்தச் சொல்ல?"

"எங்கிட்டச் சொன்னதத்தான்."

அவள் சொல்லவில்லை. தபசு முடியட்டும் என்று தள்ளிப்போட்டாள். தபசு முடிந்தது. அதற்கும் பிறகு தள்ளிப்போட்டாள்.

விஷயம் உடைந்தது உலகம்மாளால். அக்கா படுகிற பாட்டை அவள் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். மாமியாரின் குத்தல் வேறு. ஒரு காலையில் பிள்ளையைத் தூங்கப் போட்டுவிட்டு, யாரும் பார்க்காத நேரம் குடத்தை எடுத்துக்கொண்டு கிணற்றடிக்குப் போய்விட்டாள். தலையில் ஒன்று, இடுப்பில் ஒன்றாகத் தூக்கிக்கொண்டு முற்றத்துக்குள் நுழைந்தாள். முகத்தில் சிரிப்பு.

முப்பிடாதி பார்த்தாள். என்ன செய்கிறோம் என்று தெரியாமல் ஓடிப்போய் இடுப்புக் குடத்தைப் பிடுங்கி வீசினாள். தலைக்குடமும் சரிந்து விழுந்தது. முற்றமெல்லாம் தண்ணீர். உலகம்மாள் நனைந்துபோய் நின்றாள்.

"ஒனக்கு எத்தன தடவட்டி சொல்ல? சொன்னாக் கேக்க மாட்டியா? தூக்காதன்னா தூக்காத!"

சத்தம் கேட்டு மருதப்பன் கடையிலிருந்து ஓடிவந்தான். கோமதியம்மாள் உள்ளேயிருந்து வந்தாள்.

"பாத்தியாலே, பாத்தியா?" என்றாள் மகனிடம். "இத்தன நாளு உள்ள வெச்சிருந்த வயித்தெரிச்சல் இன்னைக்கு வெளிய வந்துட்டு. தங்கச்சி தங்கச்சின்னு நடிச்சதெல்லாம் வேசம். பச்ச ஒடம்புக்காரிய அடிக்கப் போறா பாரு."

"அத்தை, நான் அவளை அடிக்கல."

"பெறவு என்னட்டி? தண்ணி தூக்குனா என்ன கேடு வந்துரும்? ஊருல ஒலகத்துல பொம்பளைக தூக்கலையா?"

"தூக்கித்தான் எனக்கு அடி இறங்கிட்டு" என்றாள் முப்பிடாதி.

சொன்ன பிறகு நிறுத்த முடியவில்லை. "ஆறு வருசமா இறங்கிக் கெடக்கு. துணிய வெச்சு அடைச்சுக்கிட்டு அலையுதேன். இப்பப் புண்ணாயி ரெத்தம் வடியுது. உக்கார முடியல, நிக்க முடியல, ஒண்ணுக்கு அடக்க முடியல. டாக்டரம்மா ஆபரேசன் பண்ணணும்னு சொல்லிட்டாக. அவளும் என்ன மாதிரி ஆயிரக் கூடாதுன்னுதான் தூக்காதன்னு சொல்லுதேன். வேற ஒண்ணும் இல்ல."

கோமதியம்மாளின் முகம் கோணியது. அவளுக்கு வந்தது இரக்கம் இல்லை, கோபம்தான்.

"இதுக்கா இம்புட்டுக் கூப்பாடு? மருதப்பனைப் பெத்த பெறவு எனக்கும் இறங்கத்தான் செஞ்சுது. துணியக் கெட்டிக்கிட்டுக் களை வெட்டுனேன். கதிரு அறுத்தேன். எவகிட்டயாவது போயிச் சொன்னனா? இன்னைக்கும்தான் கெடக்கு. பொம்பளைன்னா..."

மகன் நிற்பது அப்போதுதான் நினைவு வந்தது போலும். சட்டென்று வாயை மூடிக்கொண்டாள். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

மருதப்பன் உள்ளே போன தாயைப் பார்த்தான். எதிரில் நின்ற மனைவியைப் பார்த்தான்.

"என்னையப் பிடிக்கலைன்னுல்லா நெனச்சுக்கிட்டு இருந்தேன். அன்னைக்கே இதச் சொல்லியிருந்தா, நான் இன்னொருத்தியக் கெட்டியிருப்பனாட்டி?"

அவன் யோசித்துச் சொன்னதில்லை. மனசில் இருந்தது அப்படியே வந்துவிட்டது. சொல்லிவிட்டு நிமிர்ந்தபோது, ஈரச் சீலையோடு நின்ற உலகம்மாள் அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். உள்ளே குழந்தை அழுதது. அவள் குழந்தையிடம் போனாள்.

அந்த வாரமே முப்பிடாதி பாளையங்கோட்டைப் பெரிய ஆஸ்பத்திரியில் சேர்ந்தாள். துணைக்கு யார் போவது என்ற கேள்வி வந்தது. உலகம்மாள் கைக்குழந்தைக்காரி. யாரும் எதிர்பார்க்காத விதமாகக் கோமதியம்மாள் மாற்றுச் சீலையை மஞ்சள் பையில் திணித்துக்கொண்டு பஸ் ஏறினாள். "வேற யாரு இருக்கா?" என்று மட்டும் சொன்னாள்.

வார்டில் முப்பிடாதியைப் போலவே பலர் இருந்தார்கள். முதல் பிரசவத்திலேயே இப்படி ஆகி, புருஷன் கொண்டுவந்து தள்ளிவிட்டுப் போன இருபது வயதுப் பெண் ஒருத்தி. பீடி சுற்றுகிற ஒருத்தி. மாதவிலக்கு நின்ற பிறகு இறங்கியது என்று சொன்ன ஒரு டீச்சர். முதல் இரண்டு நாள் கோமதியம்மாள் யாரோடும் பேசவில்லை. கட்டிலுக்குக் கீழே துண்டை விரித்துச் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். மூன்றாம் நாள் அந்த இருபது வயதுப் பெண் அழுதுகொண்டிருந்தபோது எழுந்து போய் அவள் தலையை மடியில் வைத்துக்கொண்டாள்.

புண்ணுக்கு மருந்து வைத்து ஆறவிட்டு, பிறகு ஆபரேஷன் செய்தார்கள். கர்ப்பப்பையை எடுத்துவிட்டுத் தளர்ந்த இடத்தை இழுத்துத் தைத்தார்கள். நர்ஸ் ஒருத்தி வார்டுப் பெண்களுக்குப் பயிற்சி சொல்லிக்கொடுத்தாள். "ஒண்ணுக்கு வரும்போது அடக்குற மாதிரி உள்ளுக்குள்ள இறுக்கிப் பிடிங்க. பையப் பைய விடுங்க. வீட்டுல வயசுக்கு வந்த பிள்ளைக இருந்தா அதுகளுக்கும் சொல்லிக்குடுங்க." இருபது வயதுப் பெண்ணுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மற்றவர்களும் சிரித்தார்கள். தையல் இழுக்க, வயிற்றைப் பிடித்துக்கொண்டு முப்பிடாதியும் சிரித்தாள்.

வீட்டுக்குத் திரும்புவதற்கு முந்தின நாள் கோமதியம்மாள் மருமகளின் காதருகே வந்து, "அந்த டாக்டரம்மாட்ட... என்னையும் ஒருக்கப் பாக்கச் சொல்லுதியா?" என்று கேட்டாள். கத்தி வைக்க மட்டும் சம்மதிக்கவில்லை. உள்ளே தாங்கி நிற்க ஒரு வளையத்தைப் பொருத்தி, மூன்று மாதத்துக்கு ஒருமுறை வரச் சொல்லி அனுப்பினார்கள். பஸ்ஸில் வரும்போது பனவடலிசத்திரம் தாண்டும்வரை வெளியே பார்த்துக்கொண்டு வந்தவள், திரும்பாமலே சொன்னாள்.

"முப்பத்தெட்டு வருசம்ட்டி."

முப்பிடாதி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

வீட்டில் உலகம்மாள் இல்லை. அவர்கள் போன மூன்றாம் நாளே குழந்தையைத் தூக்கிக்கொண்டு ராயகிரிக்குப் போய்விட்டாள் என்று மருதப்பன் சொன்னான். கூப்பிடப் போனபோது, "அக்காவுக்குச் சொகமாயிட்டுல்லா அத்தான். அப்புறம் நான் எதுக்கு?" என்று கேட்டாளாம். தனியே திரும்பி வந்துவிட்டான்.

கடையையும் பிள்ளைகளையும் அவன் ஒருவனே சமாளித்துக்கொண்டிருந்தான். சைக்கிளின் இரண்டு பக்கமும் குடங்களைக் கட்டித் தண்ணீர் கொண்டுவந்தான். பொம்பளை வேலை பார்க்கிறான் என்று சந்தில் இரண்டு பேர் சிரித்தார்கள். அவனே மாவாட்டினான். இட்லி கல்லாக இருந்தது. வாடிக்கைக்காரர்கள் முகத்தைச் சுளித்துக்கொண்டு தின்றார்கள். பிறகு கூலிக்கு ஆள் வைத்தான். முன்பே வைத்திருக்கலாம், யாருக்கும் தோன்றியதில்லை.

முப்பிடாதிக்கு உடம்பு தேறியது. தாகம் தீரத் தண்ணீர் குடித்தாள். அது எவ்வளவு பெரிய சுகம் என்று யாரிடமும் சொல்லி விளக்க முடியாது. ஆனால் தங்கையின் பாய் சுருட்டி வைத்தபடி மூலையில் இருந்தது. மருதப்பன் முன்போலவே சாந்தமாக இருந்தான். அவளோடு பேச வந்தால் மட்டும் பாதியில் நிறுத்திக்கொண்டான். அன்றைக்குச் சொன்ன சொல் இருவருக்கும் நடுவில் கிடந்தது.

டாக்டர் சொன்ன மூன்று மாதம் கழிந்ததும் முப்பிடாதி ராயகிரிக்குப் பஸ் ஏறினாள். அய்யா வீட்டில் குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. உலகம்மாள் காட்டில் பருத்தி எடுத்துக்கொண்டிருப்பதாகச் சொன்னார் நல்லகண்ணு. முப்பிடாதி கரிசல் பாதையில் நடந்து போனாள். தங்கை நிமிர்ந்து பார்த்துவிட்டு, மறுபடி குனிந்து பருத்தி எடுத்தாள். முப்பிடாதியும் அடுத்த நிரையில் நின்று எடுக்க ஆரம்பித்தாள்.

இருவர் மடியும் பாதி நிறைந்தது.

"அவுக அன்னைக்குச் சொன்னது நெசந்தானக்கா? நீ சொல்லியிருந்தா, என்னையக் கெட்டியிருக்க மாட்டாகள்லா?"

"நெசந்தான்."

"அய்யா வந்து கேக்கும்போது நீ ஏன் சரின்னு சொன்ன? எனக்கு ஒரு வாழ்க்கை வேணும்னா? இல்ல, ஒனக்காகவா?"

வழியெல்லாம் இதற்கு ஒரு நல்ல பதிலைத் தேடிக்கொண்டுதான் முப்பிடாதி வந்திருந்தாள். தங்கை முகத்தைப் பார்த்ததும் அதைச் சொல்ல வாய் வரவில்லை.

"எனக்காகத்தான். அவுக எங்கிட்ட வராம இருக்கணும். எதுக்கு வரவிடலைன்னு யாரும் கேக்காம இருக்கணும். அதுக்கு ஒன்னையக் கொண்டாந்து முன்னால நிப்பாட்டிட்டேன்."

உலகம்மாள் மடியில் இருந்த பருத்தியைக் கூடையில் தட்டினாள். முகம் சிவந்திருந்தது.

"எனக்கு அவுகளப் பிடிச்சுப் போச்சு" என்றாள். "அதான் கொடுமை. பிடிக்காம இருந்தா இம்புட்டு வலிக்காது."

மன்னித்துவிடு என்று கேட்க முப்பிடாதிக்குத் துணிச்சல் வரவில்லை.

"இன்னைக்கு என்னையக் கூப்பிடாதக்கா. பருத்தி எடுப்பு முடியட்டும். அதுக்கப்புறம் வருவனா மாட்டனான்னு எனக்கே தெரியல. நீ போ. பஸ் போயிரும்."

உலகம்மாள் தை மாதத்தில் வந்தாள். பிள்ளைக்கு அய்யா வேண்டும் என்பதற்காக வந்தேன் என்றாள். சந்துக்கு அடுத்த தெருவில் தனியாக ஒரு அறை பார்த்துக் கொடுக்கச் சொன்னாள். மருதப்பன் பார்த்துக் கொடுத்தான். பகலில் கடைக்கு வந்து வேலை பார்ப்பாள்; இருட்டுமுன் பிள்ளையோடு போய்விடுவாள். அக்காவோடு தேவைக்குப் பேசினாள். கடையில் நடந்த கேலிகளைச் சொல்லிச் சிரிக்கிற வழக்கம் மட்டும் திரும்பவில்லை. மருதப்பன் இரண்டு வீட்டுக்கும் நடுவே நடந்தான். எந்த வீட்டிலும் அவனால் நிம்மதியாக உட்கார முடியவில்லை. கோமதியம்மாள் எட்டாம் நாள் களை வெட்டப் போன கதையை அதன் பிறகு யாரிடமும் சொல்லவில்லை.

மூன்று வருஷம் கழித்து உலகம்மாளுக்கு மறுபடி வலி கண்டது. ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக மருதப்பன் கடை முன்னால் குதிரை வண்டி கொண்டுவந்து நிறுத்தினான். துணைக்குக் கதீஜம்மாளைக் கூப்பிடட்டுமா, தெருவில் வேறு யாரையாவது கூப்பிடட்டுமா என்று கேட்டான். உலகம்மாள் வண்டிச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினாள். வலி ஒரு சுற்று வந்து போனது.

"எக்காவ வரச் சொல்லுங்க" என்றாள் பிறகு.

முப்பிடாதி வாசலில்தான் நின்றிருந்தாள். மாவுக் கையைக் கழுவிக்கொண்டு வந்து ஏறினாள். வண்டி கிளம்பியது. வலி வரும்போதெல்லாம் உலகம்மாள் அக்காவின் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்தாள்.

"பைய மூச்சு விடு. அவசரப்பட்டு முக்காத" என்றாள் முப்பிடாதி. "டாக்டரம்மா சொல்லுதப்ப முக்கினாப் போதும்."